எஸ்4 எங்கே இருக்கிறது? – விமான நிலையங்களுக்குள் ஜி.ஐ.எஸ். வந்த வரலாறு

2001ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி காலை, இத்தாலியின் மிலான் நகரில் உள்ள லினாட்டே விமான நிலையத்தை அடர்ந்த பனிமூட்டம் மூடியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்கு ஓடுபாதையே தெரியவில்லை. நிலையத்தின் மேற்குப் பகுதியில் இருந்து ஒரு சிறிய செஸ்னா ஜெட் நான்கு பேருடன் புறப்படத் தயாரானது. அதே நேரத்தில் ஸ்காண்டிநேவியன் ஏர்லைன்ஸின் எம்.டி.87 ரக விமானம் 110 பேருடன் கோபன்ஹேகன் செல்லக் காத்திருந்தது.

விமானங்கள் நிறுத்துமிடத்தில் இருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் பாதைக்கு டாக்சிவே என்று பெயர். செஸ்னா நின்ற இடத்தில் இருந்து இரண்டு டாக்சிவேக்கள் பிரிந்தன. ஆர்5 வடக்கே போய் ஓடுபாதையின் முனையைச் சுற்றிச் செல்லும். ஆர்6 ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும். கோபுரம் ஆர்5 வழியாகப் போகச் சொன்னது. விமானியும் சரி என்றார். ஆனால் பனியில் விமானம் திரும்பியது ஆர்6 பக்கம்.

சிறிது தூரம் போனதும் விமானி வானொலியில் தான் எஸ்4 என்ற இடத்தை நெருங்குவதாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் தரையில் எஸ்4 என்று பெயின்ட்டால் எழுதியிருந்தது. ஆனால் கோபுரத்தில் இருந்தவர் கையில் இருந்த வரைபடத்தில் எஸ்4 என்று ஒரு இடமே இல்லை! அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதும் இல்லை. செஸ்னா சரியான பாதையில்தான் போகிறது என்ற எண்ணத்திலேயே அவர் மேற்கொண்டு நகர அனுமதித்தார். செஸ்னா எரிந்துகொண்டிருந்த சிவப்பு நிறுத்த விளக்குகளையும் தாண்டி ஓடுபாதைக்குள் நுழைந்தது. காலை 8.10 மணிக்கு, மேலெழும்பிக் கொண்டிருந்த எம்.டி.87 அதன் மீது மோதியது. பெரிய விமானம் சில விநாடிகள் காற்றில் இருந்துவிட்டு, ஓடுபாதைக்கு அப்பால் இருந்த பயணப்பெட்டிகள் கையாளும் கட்டடத்தில் விழுந்து எரிந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த 4 பேரும் இறந்தனர். மொத்தம் 118 உயிர்கள்.

இந்த விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பழைய தரை ராடார் 1999லேயே நீக்கப்பட்டிருந்தது, புதியது இன்னும் செயல்பாட்டுக்கு வரவில்லை. தரைக் குறியீடுகள் மங்கிப்போயிருந்தன. அத்தகைய பனியில் பறக்கத் தேவையான தகுதி செஸ்னா விமானிகளுக்கு இல்லை. ஆனாலும் எல்லாக் காரணங்களுக்கும் நடுவில் ஒன்று தனியாகத் தெரிகிறது. தரையில் இருந்த ஒரு பெயர் வரைபடத்தில் இல்லை. அது இருந்திருந்தால், விமானி எஸ்4 என்று சொன்ன அந்த நொடியிலேயே அவர் தவறான பாதையில் இருப்பது தெரிந்திருக்கும்.

விமான நிலையங்களுக்குள் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை வந்த வரலாற்றை இந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் தேவை புரியும். தரையில் இருப்பதும் வரைபடத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த ஒரே வரைபடம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்பதே அந்த வரலாற்றின் சாரம்.

லினாட்டேக்கு முன்பும் இதே கதை

லினாட்டே முதல் எச்சரிக்கை அல்ல. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதின. 583 பேர் இறந்தனர். இன்றுவரை விமான வரலாற்றில் மிக அதிக உயிர்களைப் பறித்த விபத்து அதுதான். அனுமதி வராமலே கே.எல்.எம். விமானம் புறப்படத் தொடங்கியது அதன் முக்கியக் காரணம். ஆனால் மோதிய நேரத்தில் பான் ஆம் விமானம் ஏன் இன்னும் ஓடுபாதையில் இருந்தது? மூன்றாவது வெளிவழியில் திரும்பும்படி அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. வெளிவழிகளில் பெயர்ப் பலகைகள் இல்லை. விமானிகள் கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு, பனியில் ஒவ்வொரு திருப்பமாக எண்ணிக்கொண்டு சென்றனர். மூன்றாவதைத் தாண்டிவிட்டனர்.

2000 அக்டோபர் 31 இரவு தைவானின் தைபே நகரில் புயல் மழை. லாஸ் ஏஞ்சலஸ் செல்லவிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் 05 இடது ஓடுபாதைக்குப் பதிலாக, அதற்கு இணையாக இருந்த 05 வலது ஓடுபாதையில் புறப்பட்டது. அந்தப் பாதையின் ஒரு பகுதி பராமரிப்பு வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அங்கே நின்ற கட்டுமான இயந்திரங்களில் மோதி விமானம் உடைந்தது. 179 பேரில் 83 பேர் இறந்தனர். மூடப்பட்ட செய்தி விமானிகளுக்குக் கொடுக்கப்பட்ட அறிவிப்புகளில் இருந்தது. ஆனால் அந்த ஓடுபாதையின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது என்று காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. காகிதம் ஒன்று சொன்னது, தரை வேறொன்று சொன்னது.

அலமாரியில் தூங்கிய வரைபடங்கள்

ஒரு பெரிய விமான நிலையம் என்பது ஒரு சிறிய ஊர் போன்றது. அமெரிக்காவின் டென்வர் நிலையத்தின் பரப்பு சுமார் 137 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஓடுபாதைகள், ஆயிரக்கணக்கான விளக்குகள், மின்கம்பிகள், எரிபொருள் குழாய்கள், மழைநீர் வடிகால்கள், கடைகள், சாலைகள், வேலிகள் எல்லாம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் வரைபடங்கள் இல்லாமல் இல்லை. பிரச்சினையே அவை நிறைய இருந்ததுதான். கட்டுமானப் பிரிவிடம் ஒரு வரைபடம், மின்பிரிவிடம் இன்னொன்று, வடிகால் பார்ப்பவரிடம் வேறொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆண்டில், வேறு வேறு அளவில் வரையப்பட்டது. 1980களில் கணினி வரைகலை மென்பொருள்கள் பரவிய பிறகு காகிதம் கோப்பாக மாறியது. ஆட்டோகேட் 1982ல் வெளிவந்தது. ஆனால் அலமாரியில் இருந்த குழப்பம் அப்படியே கணினிக்குள் குடியேறியது. கோடுகள் அழகாக இருந்தன. அந்தக் கோடு ஒரு மின்கம்பியா, வடிகாலா, எப்போது போட்டது என்று கணினிக்குத் தெரியாது. கோட்டுக்கு அர்த்தம் கொடுக்க வேறொரு முறை தேவைப்பட்டது.

ஒரு விமானப் பயணத்தில் பிறந்த யோசனை

அந்த முறை வேறொரு துறையில் ஏற்கெனவே உருவாகியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் ராஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் கனடாவில் வான்வழி நிலஅளவை நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். கென்யாவில் மரத்தோட்டம் அமைக்க ஏற்ற நிலத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அவரிடம் வந்தது. மண், சரிவு, மழை எனப் பல வரைபடங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். கையால் செய்தால் செலவு கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. இதைக் கணினி செய்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

1962ல் ஒரு விமானப் பயணத்தில் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தவர் லீ பிராட். கனடா முழுவதற்குமான நிலக் கணக்கெடுப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த அரசு அதிகாரி அவர். இருவரின் பேச்சில் இருந்து கனடா புவியியல் தகவல் முறைமை உருவானது. உலகின் முதல் ஜி.ஐ.எஸ். என்று பொதுவாகக் கருதப்படுவது இதுதான். டாம்லின்சன் ஜி.ஐ.எஸ். துறையின் தந்தை என்று அழைக்கப்படுகிறார். பின்னாளில் விமான நிலையங்களை மாற்றப்போகும் ஒரு யோசனை விமானத்திலேயே பேசப்பட்டது சுவையான ஒற்றுமை.

ஜி.ஐ.எஸ். செய்வது என்ன? ஒவ்வொரு பொருளுக்கும் பூமியில் அதன் சரியான இடத்தையும் அதைப் பற்றிய விவரங்களையும் சேர்த்து வைக்கிறது. ஓடுபாதை ஒரு அடுக்கு, விளக்குகள் ஒரு அடுக்கு, கம்பிகள் ஒரு அடுக்கு. வேண்டிய அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கேள்வி கேட்கலாம். இந்த இடத்தில் தோண்டினால் எந்தக் கம்பி அறுபடும்? இந்த டாக்சிவேயை மூடினால் எந்த விமான நிறுத்தங்களுக்கு வழி இருக்காது? சாதாரண வரைபடத்தைப் பார்க்க மட்டுமே முடியும். ஜி.ஐ.எஸ். வரைபடத்திடம் கேட்க முடியும்.

ஓடுபாதையில் ஒரு நாள்

விமான நிலையத்தில் இது எப்படிப் பயன்படுகிறது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள் போதும்.

ஓடுபாதையை ஒவ்வொரு நாளும் ஆட்கள் வாகனத்தில் சென்று சோதிக்கிறார்கள். எரியாத விளக்கு, விரிசல், அடிபட்டுக் கிடக்கும் பறவை என எதைக் கண்டாலும் குறிக்க வேண்டும். முன்பு அது நோட்டில் "வடக்கு முனைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு எரியவில்லை" என்ற அளவில் இருந்தது. இப்போது கையில் இருக்கும் கருவியில் அந்த விளக்கைத் தொட்டுப் பதிவு செய்தால் அதன் எண், அது எந்த மின்சுற்றில் இருக்கிறது, சென்ற முறை எப்போது பழுதானது என்பதெல்லாம் சேர்ந்தே வரும். ஒரே சுற்றில் பல விளக்குகள் அடுத்தடுத்து அணைந்தால் பிழை பல்பில் இல்லை, கம்பியில் இருக்கிறது என்று வரைபடமே காட்டிவிடும்.

ஓடுபாதையின் மேற்பரப்புக்கும் மதிப்பெண் உண்டு. 0 முதல் 100 வரையிலான தளநிலைக் குறியீடு ஒன்றை அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் உருவாக்கினர். தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, விரிசல்களையும் பள்ளங்களையும் கணக்கிட்டு மதிப்பெண் போடுவார்கள். இதை ஜி.ஐ.எஸ்.ஸில் வண்ணமாக மாற்றினால் எந்தப் பகுதிக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பது ஒரு பார்வையில் தெரியும்.

பூமிக்கு அடியில் இருப்பதும் முக்கியம். 2017 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் நிலத்தடி மின்சுரங்கம் ஒன்றில் தீ பிடித்தது. முக்கிய மின்கம்பிகளுடன், அவை செயலிழந்தால் கைகொடுக்க வேண்டிய மாற்றுக் கம்பிகளும் சேதமடைந்தன. உலகின் மிகப் பரபரப்பான நிலையங்களில் ஒன்று சுமார் 11 மணி நேரம் இருளில் கிடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மின்சுற்றுப் படத்தில் மாற்றுக் கம்பி தனிக் கோடாகத்தான் தெரியும். அது தரைக்குக் கீழே எந்த வழியாகப் போகிறது, முக்கியக் கம்பிக்கு எவ்வளவு அருகில் போகிறது என்பது இடம் சார்ந்த கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஜி.ஐ.எஸ்.

வேலிக்கு வெளியேயும் விமான நிலையம்

விமான நிலையத்தின் வரைபடம் அதன் சுற்றுச்சுவரோடு முடிவதில்லை. இறங்கி வரும் விமானத்துக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்தளம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். துல்லிய இறக்கக் கருவிகள் உள்ள பெரிய ஓடுபாதைகளுக்கு, முனையில் இருந்து 60 மீட்டர் தள்ளித் தொடங்கும் அந்தச் சாய்தளம் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் 1 மீட்டர் வீதம் உயர்கிறது. அதாவது, தொடக்கத்தில் இருந்து 1000 மீட்டர் தூரத்தில் அதன் உயரம் 20 மீட்டர்தான். அதைத் தாண்டி எந்தக் கட்டடமோ கோபுரமோ மரமோ எழக் கூடாது.

இந்தியாவில் இதற்கென உயரக் கட்டுப்பாட்டு விதிகள் 2015ல் வெளியிடப்பட்டன. இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வண்ண மண்டல வரைபடங்களைத் தயாரித்தது. எந்த மண்டலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அவை காட்டுகின்றன. ஓடுபாதைக்கு நேர் எதிரே வீடு கட்டும் ஒருவருக்கு இந்த வண்ணம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு அடிப்படைக் கேள்வி எழுகிறது. கட்டடத்தின் இடத்தை அளந்தவரும் ஓடுபாதையின் இடத்தை அளந்தவரும் ஒரே அளவைப் பயன்படுத்தினார்களா? நீண்ட காலம் ஒவ்வொரு நாடும் பூமியின் வடிவத்துக்குத் தனித்தனி கணக்கை வைத்திருந்தது. இந்தியாவின் கணக்கு, மாபெரும் முக்கோண நிலஅளவையின் வழியே வந்த எவரெஸ்ட் நீள்கோளம். அந்த நிலஅளவைக்கு வில்லியம் லாம்டன் 1802ல் முதல் அடிக்கோட்டை அளந்தது சென்னை பரங்கிமலை அருகே. இன்று அந்த மலைக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது.

நாட்டுக்கு ஒரு கணக்கு என்பது தரையில் நடப்பவருக்குப் பிரச்சினை இல்லை. செயற்கைக்கோளைப் பார்த்துப் பறக்கும் விமானத்துக்குப் பெரிய பிரச்சினை. ஜப்பானின் பழைய டோக்கியோ கணக்குக்கும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 கணக்குக்கும் டோக்கியோவில் 400 மீட்டருக்கும் மேல் வேறுபாடு. ஓடுபாதையின் அகலமோ பெரும்பாலும் 45 அல்லது 60 மீட்டர்! எனவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., 1998 ஜனவரி 1 முதல் எல்லா நாடுகளும் டபிள்யூ.ஜி.எஸ்.84 முறையிலேயே இடங்களைக் குறிக்க வேண்டும் என்று வகுத்தது. ஒரே வரைபடம் என்ற கனவுக்கு அடித்தளம் இதுதான்.

விதிகள் வந்தன

2001ல் அமெரிக்காவின் ஆர்.டி.சி.ஏ., ஐரோப்பாவின் யூரோகே ஆகிய அமைப்புகளின் கூட்டு உழைப்பில் விமான நிலைய வரைபடத் தரவுகளுக்கான தேவைகள் எழுதப்பட்டன. ஓடுபாதை, டாக்சிவே, நிறுத்தக் கோடு ஒவ்வொன்றையும் எந்தத் துல்லியத்தில், எந்தப் பெயரில் பதிவது என்பதை அவை சொல்கின்றன. இன்று விமானியின் திரையில் ஓடும் விமான நிலைய வரைபடத்தில் விமானமே ஒரு சிறு உருவமாக நகர்வதைப் பார்க்க முடிவது இத்தகைய தரவுகளால்தான்.

2003ல் ஐரோப்பா ஓடுபாதை ஊடுருவலைத் தடுப்பதற்கான செயல்திட்டத்தை வெளியிட்டது. 2004ல் ஐ.சி.ஏ.ஓ. நிலப்பரப்பு, தடைகள் பற்றிய தரவுகளை மின்னணு வடிவில் தர வேண்டும் என்று தன் விதிகளைத் திருத்தியது. அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. அமைப்பும் 2000களில் நிலையங்களின் நிலஅளவைத் தரவுகளை ஒரே ஜி.ஐ.எஸ். வடிவில் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. விமானிகள் குழம்பக்கூடிய சந்திப்புகளை வரைபடத்திலேயே வட்டமிட்டு அபாயப் புள்ளி என்று காட்டும் வழக்கமும் பரவியது.

கணினியும் மறக்கும்

இத்துடன் கதை சுபமாக முடிந்ததா? இல்லை.

2006 ஆகஸ்ட் 27 விடிகாலை இருட்டில், அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் 50 பேருடன் ஒரு காமேர் விமானம் தவறான ஓடுபாதையில் புறப்பட்டது. அது போக வேண்டிய ஓடுபாதையின் நீளம் சுமார் 2100 மீட்டர். போனதோ சுமார் 1070 மீட்டர் ஓடுபாதையில். 49 பேர் இறந்தனர். துணை விமானி மட்டும் உயிர் தப்பினார். அங்கே அப்போது கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால் டாக்சிவேயின் அமைப்பு மாறியிருந்தது. விமானிகள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த மாற்றம் இல்லை. வரைபடம் தயாரிப்பவர்களிடம் ஏற்பட்ட ஒரு மென்பொருள் கோளாறால் புதிய தகவல் விடுபட்டிருந்தது. இருந்த அடையாளங்களைக் கவனிக்காத விமானிகளின் தவறையே விசாரணை முதன்மைக் காரணமாகச் சொன்னது. ஆனாலும் காகிதம் பழசாவது போலவே கணினித் தரவும் பழசாகும் என்பதை லெக்சிங்டன் காட்டியது. விமானத் தகவல்களைப் புதுப்பிக்க உலகம் முழுவதும் 28 நாள் சுழற்சி ஒன்று உண்டு. ஆனால் தரையில் ஒரு தடுப்பு வைக்க 28 நிமிடம் போதும்!

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா நிலையத்தில் கடலோரக் காவல்படை விமானம் ஒன்று அனுமதியின்றி ஓடுபாதைக்குள் நுழைந்து நின்றது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மீது மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தனர். அங்கே வரைபடம் சரியாக இருந்தது. ஓடுபாதையில் வேறு விமானம் இருக்கிறது என்று கோபுரத்தில் உள்ள திரை எச்சரிக்கையும் காட்டியது. கட்டுப்பாட்டாளர் அதைக் கவனிக்கவில்லை.

வரைபடத்தைக் காப்பவர் யார்?

இந்த வரலாற்றில் இருந்து கற்க வேண்டியது ஒன்றுதான். ஜி.ஐ.எஸ். ஒரு மென்பொருளாக வாங்கப்பட்டு, நிறுவப்பட்டு, மறக்கப்பட்டால் அது இன்னொரு அலமாரியாகத்தான் இருக்கும். தரையில் ஒருவர் புதிதாக ஒரு கோடு வரைந்தாலோ, ஒரு பலகையை மாற்றினாலோ, ஒரு விளக்கை அணைத்தாலோ அது அன்றே வரைபடத்துக்கு வர வேண்டும். வந்தது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததை ஒருவர் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது விட்டுப்போனாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை. லினாட்டேயில் முதலாவது விட்டுப்போனது. லெக்சிங்டனில் இரண்டாவது. ஹனேடாவில் மூன்றாவது.

பெரிய நிலையங்களில் இன்று இந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பயணிகள் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. கையில் ஜி.பி.எஸ். கருவியோடு இரவில் ஓடுபாதை ஓரம் நடந்து ஒவ்வொரு பலகையையும் சரிபார்ப்பவர்கள் அவர்கள். பெயின்ட்டால் எழுதிய ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது சலிப்பான வேலைதான்.

லினாட்டே நிலையத்துக்கு அருகில் ஃபொர்லானினி என்ற பூங்கா இருக்கிறது. விபத்தில் இறந்தவர்களின் நினைவாக அங்கே பீச் மரங்கள் நடப்பட்டுள்ளன, ஒருவருக்கு ஒரு மரம் என்று 118 மரங்கள். அந்தச் சலிப்பான வேலையை ஒருவர் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த மரங்களைக் காட்டினால் போதும்.